பகைமூட்டும் பேச்சும் சட்டமன்றப் பதவியும்

1. மாமல்லபுரம் எழுப்பும் கேள்வி

செங்கற்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஊழியம் செய்யும் நமக்கு மாமல்லபுரக் கடற்கரை புதிய இடமன்று. ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளைக் கற்கோயில்களைக் காட்ட அழைத்துச் செல்கிறோம். வாலிபர் முகாம்களையும் அக்கரையோரம் நடத்துகிறோம். ஆயினும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சேரிகளில் வாழும் நம் சபையார் சிலருக்கு அப்பெயர் வேறொரு நினைவையும் எழுப்புகிறது. 2013 ஏப்ரல் 25 அன்று வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவுப் பெருவிழா மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அன்று விழாவுக்குச் சென்றோர் கடந்த வழியில், மரக்காணத்தில், கலவரம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தீக்கிரையாயின; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்கு முந்திய நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டிருந்தன. அந்தச் சூடு ஆறாத காலம் அது.

கலவரத்தைத் தொடர்ந்து பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் மருத்துவர் இராமதாசு ஏப்ரல் 30 அன்று கைது செய்யப்பட்டார். அக்கட்சியின் செயங்கொண்டம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரும் வன்னியர் சங்கத் தலைவருமான ஜெ. குருவும் கைதானார். 2012ஆம் ஆண்டு விழாவில், அதே மாமல்லபுரத்தில், சமூகங்களிடையே பகைமூட்டும் வகையில் பேசினார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அவர் காவலில் வைக்கப்பட்டார். எனினும் பேரவை அவரை நீக்கவில்லை. நீதிமன்றத் தண்டனையினால் அவர் தகுதியிழக்கவும் இல்லை. அவர் 2018இல் காலமானார்.

இச்செய்திகளைச் சொல்வதனால் ஒரு சமூகத்தின்மீது பழி சுமத்துகிறோம் என்று எவரும் கொள்ளலாகாது. உரிமை கேட்டுத் திரளுவதற்கு அச்சமூகத்துக்கு நியாயம் உண்டு. 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கோரி நடந்த சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு கிடைத்தது. அச்சமூகத்தாரும் தலித் மக்களும் ஒரே ஆலயத்தில் ஒரே பாத்திரத்தில் பங்குகொள்ளும் சபைகள் நம்மிடையே இருக்கின்றன. ஆகவேதான் இப்பொருள் நமக்கு அயலார் வீட்டுச் செய்தியன்று.

கலவரத்துக்குப் பின் சபை மூப்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ஐயா, ஒரு கிராம உதவியாளன் மேடையேறி இப்படிப் பேசினால் மறுநாளே வேலை போய்விடும். சட்டம் செய்கிறவர் பேசினால் மட்டும் பதவி எப்படி நிலைக்கிறது?” அதே ஆண்டில் வகுப்பறையில் மாணவர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார்: “ஆமோஸ் நம் பேரவையில் உறுப்பினராயிருந்தால் முதற் கூட்டத்தொடரிலேயே நீக்கப்பட்டிருப்பார் அல்லவா?” இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றுகின்றன. இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் ஒருங்கே விடை காண இயலுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சட்டம் காட்டும் வழிகள்

முதலாவது, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைத் தெளிவாய் அறிய வேண்டும். பேச்சின் காரணமாக ஓர் உறுப்பினர் பதவியிழக்கும் வழிகள் மூன்று.

முதல் வழி பேரவையே நீக்குவது. மாநிலப் பேரவைகளின் சிறப்புரிமைகளை அரசியலமைப்பின் 194ஆம் பிரிவும், நாடாளுமன்றத்தின் சிறப்புரிமைகளை 105ஆம் பிரிவும் கூறுகின்றன. உறுப்பினரை நீக்கும் அதிகாரம் இவற்றுள் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. ஆயினும், கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்றதாகக் கண்டு 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்களை நாடாளுமன்றம் நீக்கியபோது, அவ்வதிகாரம் அவைகளுக்கு உண்டு என்று இராஜாராம் பால் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, அவ்வதிகாரம் முறைகேடாகப் பயன்பட்டால் நீதிமன்றம் ஆராயலாம் என்றும் கூறியது. 2010இல் அமரீந்தர் சிங் வழக்கில் அந்நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. சிறப்புரிமை என்பது அவையின் பணிக்கு நேரும் இடையூற்றை விலக்குவதற்கானது. அவையின் பணியைத் தொடாத பழைய தவறுகளுக்குத் தண்டனை வழங்குவதற்கானதன்று என்பதே அதன் சாரம்.

இரண்டாம் வழி நீதிமன்றத் தண்டனை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, சமயம், இனம், மொழி, சாதி ஆகியவற்றின் பேரில் பகைமூட்டிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், அபராதம் மட்டுமே பெற்றாலும், ஆறாண்டுகள் தகுதியிழக்கிறார். பிற குற்றங்களுக்கு ஈராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரும் தகுதியிழக்கிறார். முன்பு பதவியிலிருப்போருக்கு மட்டும் மேல்முறையீடு செய்ய மூன்று மாதத் தவணை இருந்தது. அதற்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி தொடரும். 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சலுகையைச் செல்லாததாக்கியது. மரக்காணம் எரிந்து அப்போது மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை என்பதை நினைவில் கொள்வோம்.

மூன்றாம் வழி தேர்தல் வழக்கு. தேர்தல் வெற்றிக்காகச் சமூகங்களிடையே பகையை வளர்ப்பது அச்சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கையாகும். 1987இல் பம்பாய் நகரத்து விலே பார்லே தொகுதி இடைத்தேர்தலில் வென்ற மருத்துவர் இரமேஷ் பிரபுவின் வெற்றி இதன்படி செல்லாதென்று உயர் நீதிமன்றம் 1989இல் தீர்த்தது. உச்ச நீதிமன்றம் 1995இல் அதனை உறுதி செய்தது. அவருக்காகப் பேசிய பால் தாக்கரே ஆறாண்டுகள் வாக்குரிமையையே இழந்தார்.

இவ்வழிகளுக்குள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பேரவை நீக்கினால் இடம் காலியாகும். நீக்கப்பட்டவர் இடைத்தேர்தலில் மீண்டும் நிற்கலாம். நீதிமன்றம் தண்டித்தால் அவர் நிற்கவே இயலாது. மேலும் அவைக்குள் பேசிய பேச்சுக்காக எந்த நீதிமன்றமும் உறுப்பினர்மீது நடவடிக்கை எடுக்கலாகாது என்று 194ஆம் பிரிவு காப்பளிக்கிறது. ஆகவே, மாமல்லபுரம் மேடைப் பேச்சு நீதிமன்றத்துக்கு உரியது. பேரவைக்குள் பேசும் பேச்சோ அவைக்கே உரியது.

3. பேரவையின் கையில் இருக்கும் வாள்

பேச்சுக்காகவும் பேச்சை ஒத்த செயலுக்காகவும் உறுப்பினர்களை அவையே நீக்கிய நிகழ்ச்சிகள் நம் நாட்டில் உண்டு. அவற்றுள் நம் மாநிலத்துக்குரியது 1986இல் நிகழ்ந்தது. நவோதயா பள்ளிகளின் வழியே இந்தி நுழைகிறது என்ற அச்சம் அவ்வாண்டில் பரவியது. நவம்பர் மாதத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தினர், ஆட்சிமொழியைப் பற்றிய அரசியலமைப்பின் 17ஆம் பகுதியின் படிகளை எரிக்கும் போராட்டத்தை நடத்தினர். அதில் ஈடுபட்டமைக்காக க. அன்பழகன் உள்ளிட்ட பத்து உறுப்பினர்கள், பி.எச். பாண்டியன் பேரவைத் தலைவராயிருந்த சட்டமன்றத்திலிருந்து நீக்கப்பட்டனர்.

இதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதம் எளியதன்று. ஒவ்வோர் உறுப்பினரும் அரசியலமைப்பின்மேல் உண்மையும் பற்றும் கொண்டிருப்பதாக உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார். அதே அரசியலமைப்பின் ஒரு பகுதியைத் தெருவில் நின்று எரிப்பவர் அவ்வுறுதிமொழியைக் காத்தாரா? குருப்பட்டம் பெறும்போது ஆலயத்தில் நின்று வாக்குக் கொடுத்த நாம் இவ்வினாவை இலேசாய்த் தள்ளிவிட இயலாது. ஆனால் மறுபக்கத்தையும் காணவேண்டும். 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்ற இடங்கள் 24. அவற்றுள் பத்துப் பேர் ஒரே வேளையில் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றியது ஆளுங்கட்சி பெரும்பான்மை கொண்டிருந்த அவை. மேலும், அதே நவம்பரில் அப்பேரவையே 17ஆம் பகுதியை நீக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அவை தீர்மானமாய்ச் சொன்னதை அவர்கள் தீயினால் சொன்னார்கள். கருத்தில் ஒன்றி நின்றவர்களே, முறையில் வேறுபட்டதனால் நீதிபதிகளும் குற்றவாளிகளுமாய்ப் பிரிந்தனர். 1989 சனவரியில் தேர்தல் வந்தபோது மக்கள் அக்கட்சியை ஆட்சியில் அமர்த்தினர். நீக்கப்பட்ட அன்பழகன் கல்வி அமைச்சரானார்.

இதைப் போன்றதே சுப்பிரமணியன் சுவாமியின் செய்தி. நெருக்கடி நிலைக் காலத்தில், வெளிநாடுகளில் அரசுக்கு எதிராகப் பரப்புரை செய்தமை முதலான நடவடிக்கைகளுக்காக 1976 நவம்பர் 15 அன்று மாநிலங்களவை அவரை நீக்கியது. அன்று தேசத்துக்கு இழுக்கெனக் கருதப்பட்ட பேச்சைப் பிற்காலத்தார் பலர் துணிவெனப் பாராட்டினர். 1978 டிசம்பரில் மக்களவை இந்திரா காந்தியை நீக்கியது. காரணம் பேச்சன்று, அவையை அவமதித்தார் என்பது. 1981இல் அடுத்த அவை அத்தீர்மானத்தை நீக்கிற்று.

பிற நாடுகளின் அனுபவமும் வேறன்று. இங்கிலாந்தில் அரசைத் தாக்கி எழுதிய ஜான் வில்க்ஸ் 1764இலும் 1769இலும் மக்கள் அவையிலிருந்து நீக்கப்பட்டார். மிடில்செக்ஸ் தொகுதி வாக்காளர் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தனர். 1782இல் அவ்வவை தன் பழைய தீர்மானத்தைக் குறிப்பிலிருந்தே அழித்தது. அமெரிக்காவில் வியட்நாம் போரைக் கண்டித்த கறுப்பின இளைஞர் ஜூலியன் பாண்டை 1966 சனவரியில் ஜார்ஜியா மாநில அவை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு இடமளித்தது.

இந்நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை புலனாகிறது. அவைகள் பேச்சுக்காக நீக்கியவர்களுள் பெரும்பாலோர் அரசை எதிர்த்துப் பேசியவர்கள். அயலானை எரிக்கத் தூண்டியவர்கள் அல்லர். 2023 செப்டம்பரில் மக்களவையில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்த சக உறுப்பினரை இழிசொற்களால் ஏசினார். அச்சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன, பேசியவர் நீக்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு குற்றச்சாட்டின்பேரில் எதிர்க்கட்சி உறுப்பினர் மஹுவா மொய்த்ரா நீக்கப்பட்டார். பெரும்பான்மையின் கையிலுள்ள வாள் பெரும்பான்மையைச் சேர்ந்தவனை வெட்டுவது அரிது. மூப்பர் விரும்பியது ஏழையின் வீட்டைக் காக்கும் வாள். பேரவையின் வாளோ அதற்காக உறையினின்று எடுக்கப்படுவதில்லை.

4. கேட்டதன் பயனும் விலக்கியதன் பயனும்

ஆட்சிக்குக் கசப்பான பேச்சை அவை பொறுத்துக் கேட்டால் என்னவாகும், விலக்கினால் என்னவாகும் என்பதற்கு நம் அண்மையிலேயே இரு சான்றுகள் உண்டு.

காஞ்சிபுரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்துக்குட்பட்ட நகரம். அங்கே பிறந்த சி.என். அண்ணாதுரை 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அத்தொகுதியில் தோற்று மாநிலங்களவைக்குச் சென்றார். அவ்வாண்டு மே மாதம் தம் முதலுரையிலேயே திராவிட நாட்டின் தன்னாட்சி உரிமையை எடுத்துரைத்தார். நாடு பிரியவேண்டும் என்று நாட்டின் அவைக்குள்ளேயே நின்று சொல்லுவதைவிடக் கனல் மிக்க பேச்சு வேறென்ன இருக்க முடியும்? அவையினர் மறுத்துக் குரலெழுப்பினர். ஆனால் அவரை நீக்கவில்லை. சீனப் படையெடுப்புக்குப் பின், 1963இல் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தம் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளரும் உறுப்பினரும் உறுதிகூற வேண்டுமென விதித்தது. அவ்வாண்டிலேயே அவர் கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் தேர்தல் வழியே ஆட்சிக்கு வந்தது. பேசவும் மனம் மாறவும் அவருக்கு இடமிருந்தது.

இலங்கையில் நிகழ்ந்தது வேறு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஆகஸ்டு மாதத்தில் ஆறாம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்யவேண்டும் என அது விதித்தது. வாக்காளரிடம் தனிநாட்டுக் கோரிக்கையின்பேரில் ஆணை பெற்றிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் அச்சத்தியத்தைச் செய்யாமல் தங்கள் இடங்களை இழந்தனர். எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அ. அமிர்தலிங்கமும் அவர்களுள் ஒருவர். பதினாறாம் திருத்தத்தையும் ஆறாம் திருத்தத்தையும் எழுத்தளவில் நோக்கினால் ஒத்தவைபோல் தோன்றும். ஆனால் ஒன்று வருகிற தேர்தலை முன்னிட்டுக் கட்சிக்குத் திரும்பும் வாயிலைத் திறந்து வைத்தது. மற்றது எரிந்த வீடுகளின் சாம்பல் ஆறுமுன் பாதிக்கப்பட்டவரின் பிரதிநிதிகளையே வெளியேற்றியது. பேசத் தெரிந்தவர்கள் அவையைவிட்டு அகன்றனர். ஆயுதம் ஏந்தியவர்கள் அவ்விடத்தை நிரப்பினர். உள்நாட்டுப் போருக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லுவதற்கில்லை. ஆனால் போரைத் தடுக்கக்கூடிய மேடை ஒன்று அன்று இல்லாமற் போயிற்று. அதன் பின்பயனாக நம் கரைகளுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கு நம் சபைகள் பல உணவளித்தன.

5. திருமறையின் ஒளியில்

ஆமோஸின் வரலாற்றை நாம் அறிவோம். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா அரசனிடம் ஆளனுப்பி, இவன் சதி செய்கிறான், இவனுடைய சொற்களைத் தேசம் தாங்கமாட்டாது என்று குற்றஞ்சாட்டினான். யூதாவுக்கு ஓடிப்போகும்படி ஆமோஸைப் பணித்தான். பகைமூட்டும் பேச்சு என்னும் குற்றச்சாட்டின் பழமையான வடிவங்களுள் ஒன்று இது. அதைச் சாட்டியவன் ஆசாரியன் என்பது நம்மைக் குத்தவேண்டும். அதிகாரத்தின் அருகில் நிற்கும் ஊழியன், அதிகாரத்தின் செவிக்கு இனிமையானதையே சமாதானம் என்று எண்ணிவிடுகிறான்.

எரேமியா 26ஆம் அதிகாரம் இதனினும் விரிவான பாடம் தருகிறது. ஆலயம் பாழாகும் என்று பேசியமைக்காக ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் எரேமியாவுக்கு மரண தண்டனை கேட்டனர். ஆனால் தீர்ப்பைச் சொன்னவர்கள் குற்றஞ்சாட்டியவர்கள் அல்லர். பிரபுக்கள் வாசலில் அமர்ந்து இருதரப்பையும் கேட்டனர். எரேமியா தன் வாக்கை மறுக்காமலே தன் பக்கத்தை எடுத்துரைத்தார். மூப்பர்கள் எழுந்து, எசேக்கியாவின் நாட்களில் மீகா இப்படியே பேசியபோது அரசன் அவரைக் கொல்லாமல் கர்த்தருக்குப் பயந்ததை முன்மாதிரியாய்க் காட்டினர். அதே அதிகாரம் உரியாவையும் நினைவூட்டுகிறது. அவரும் அப்படியே பேசினார், ஆனால் யோயாக்கீம் அவரை எகிப்திலிருந்து பிடித்துவரச் செய்து கொன்றான். ஒரே பேச்சு, இரு முடிவுகள். குற்றஞ்சாட்டுகிறவனும் தீர்ப்பளிக்கிறவனும் வேறாய் இருந்த இடத்தில் எரேமியா பிழைத்தார். இரண்டும் ஒருவனாய் இருந்த இடத்தில் உரியா மாண்டார்.

ஆயினும் எல்லாக் கடும்பேச்சையும் தீர்க்கதரிசனத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது. எஸ்தரின் புத்தகம் ஆமானைக் காட்டுகிறது. உயர்பதவியில் இருந்த அவன் அரசனிடம், நாடெங்கும் சிதறி வாழும் ஒரு மக்களினத்தின் முறைமைகள் வேறானவை, அவர்களை விட்டுவைப்பது தகாது என்று பேசினான். அப்பேச்சில் கூச்சல் இல்லை; ஆனால் அதன் முடிவில் ஓர் இனத்தை அழிக்கும் ஆணை பிறந்தது. ஆமோஸ் ஏழையை விற்றவனை நோக்கிப் பேசினார். ஆமான் சிதறி வாழ்ந்தவர்களைக் குறித்துப் பேசினான். பேச்சின் வெப்பம் அன்று, அது யாரை இலக்காக்குகிறது, அவர்களுக்கு என்ன நேரவேண்டும் என்று கேட்கிறது என்பதே இருவரையும் பிரிக்கும் கோடு. நாவைச் சிறு நெருப்பு என்று யாக்கோபு எச்சரித்ததும், சகோதரனை இழித்துரைப்பதை ஆண்டவர் கொலைக்குற்றத்தின் வரிசையில் வைத்ததும் இக்கோட்டின் இப்பக்கத்தில் நிற்கின்றன.

6. நம் மண்ணின் சாட்சி

இக்கோட்டை இழுப்பது எளிதன்று என்பதற்கு நம் மாவட்டத்தின் வரலாறே சாட்சி. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்கீர், பறையர் என்று அன்று பதிவாகிய மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னாளில் வழங்கியது அதுவே. ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய அருட்பணியாளர்கள் இம்மக்களுக்காக அரசிடம் வாதாடினர். ஊர் அமைதியைக் குலைத்துக் கூலியாட்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று நிலவுடைமையாளர் அவர்களைக் குறை கூறினர். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரித் திரண்ட மக்கள்மீது செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் மாண்டனர். தூண்டுதல் என்னும் சொல் அப்போதும் ஏழையை நோக்கியே வீசப்பட்டது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரின் கல்வெட்டுகளும் நமக்கு உதவுகின்றன. முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்ந்தெடுக்கப்படலாகாது. பதவியில் இருப்பவரிடம் குற்றம் காணப்பட்டால் அவரை நீக்கவேண்டும். அந்த அமைப்பு ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதாயிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தகுதியின்மை இன்னது என்று முன்கூட்டியே கல்லில் வெட்டி, எல்லாரும் காணும்படி கோயிற் சுவரில் வைத்தார்கள். குற்றம் நேர்ந்த பின் ஆளைப் பார்த்து விதி செய்யவில்லை. இந்த ஓர் ஒழுங்கு இன்றைய அவைகளுக்கும் வேண்டியது.

7. நாம் கொள்ளத்தக்க நிலை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளுக்கு வருகிறோம்.

முதலாவது, அவைக்கு வெளியே பேசிய பேச்சுக்காக உறுப்பினரைப் பேரவையின் பெரும்பான்மை நீக்குவது தகாது. குற்றஞ்சாட்டுகிறவரே தீர்ப்பளிக்கும் நிலை அது. அவ்வதிகாரத்தை எப்போதாவது பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில், அமெரிக்க அவைகளில் உள்ளதுபோல மூன்றில் இரு பங்கினரின் இசைவாவது தேவை.

இரண்டாவது, அயலாரின் உயிருக்கும் வீட்டுக்கும் பிழைப்புக்கும் கேடு விளையத் தூண்டும் பேச்சு வெறும் கருத்தன்று; அது குற்றம். அதைப் பேசியவர் சட்டமன்ற உறுப்பினராயிருப்பது குற்றத்தின் கனத்தைக் கூட்டுகிறதேயன்றிக் குறைப்பதில்லை. அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், பதவியிழக்க வேண்டும். விசாரணையின்றிக் காவலில் வைப்பது இதற்கு ஈடாகாது. அதனால் அவர் தம்மவரிடையே தியாகியாகிறார்; பாதிக்கப்பட்டவருக்கோ தீர்ப்பு கிடைப்பதில்லை.

மூன்றாவது, நீதிமன்ற வழியும் குறையற்றதன்று. உத்தரப் பிரதேசத்தின் ஆசம் கான் 2019ஆம் ஆண்டுப் பேச்சுக்காக 2022 அக்டோபரில் மூன்றாண்டுத் தண்டனை பெற்றுப் பதவியிழந்தார். டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்து வேறொருவர் அவ்விடத்தில் அமர்ந்தார். 2023 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. இராகுல் காந்தி 2023 மார்ச்சு 23 அன்று அவதூறு வழக்கில் ஈராண்டுத் தண்டனை பெற்று உடனே தகுதியிழந்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்த பின்னரே அவைக்குத் திரும்பினார். ஆகவே, உறுப்பினர் தண்டிக்கப்பட்டால் முதல் மேல்முறையீட்டைக் குறித்த சில மாதங்களுக்குள் முடிக்கவும், அதுவரை இடைத்தேர்தலை நிறுத்திவைக்கவும் சட்டம் இடமளிக்க வேண்டும்.

நான்காவது, அவைக்குள் பேசும் இழிசொல்லைக் கேட்டு அவை வாளாவிருக்கலாகாது. சொற்களை நீக்குதல், வருத்தம் தெரிவிக்கச் செய்தல், அக்கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்களுக்கு விலக்கிவைத்தல் ஆகியவை போதுமானவை. 2021இல் மகாராட்டிரப் பேரவை 12 உறுப்பினர்களை ஓராண்டுக்கு இடைநிறுத்தியது. 2022 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதெனத் தீர்த்தது. நீக்கினாலாவது தொகுதி மக்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம். நீண்ட இடைநிறுத்தத்திலோ அவர்கள் குரலின்றியே கிடப்பர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. தண்டனையின் பாரம் பேசியவர்மேல் விழவேண்டும். அவரை அனுப்பிய மக்கள்மேல் விழலாகாது.

8. மூப்பருக்குச் சொல்லும் விடை

இம்முடிவுகள் மாணவரின் வினாவுக்கு விடையளிக்கின்றன. மூப்பரின் வினாவுக்கு முழு விடை ஆகின்றனவா என்று கேட்டால், ஆகவில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வருவதற்கு ஆண்டுகள் செல்லும். கூரை எரிவதற்கு ஓர் இரவு போதும். பேச்சுக்கும் தீக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய காலத்தில் சட்டம் பெரும்பாலும் வந்து சேருவதில்லை. அவ்விடைவெளியில் நிற்கும்படியே திருச்சபை அழைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே நம்மிடமே சில வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். பகைமூட்டிப் பேசும் தலைவர் நம் ஆலய விழாவுக்கு வந்தால் அவருக்கு மாலை அணிவித்து மேடையில் இடமளிக்கிறோமா? அவர் பேச்சினால் அஞ்சி நிற்கும் சபையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில் அதைச் செய்கிறோமா? தேர்தல் காலத்தில் சாதியைச் சொல்லி ஆதரவு கேட்டு நம் வீட்டுக்கு வருகிறவரிடம் அவருடைய பேச்சைக் குறித்து ஒரு சொல்லாவது கேட்டிருக்கிறோமா? சபைத் தேர்தல்களில் நாமே சாதியின் பேரால் அணி சேர்ந்துவிட்டு, சட்டமன்றத்தை நோக்கி விரல் நீட்டுகிறோமா?

மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டும் ஒழுங்கு இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. முதலில் தனித்துச் சென்று உணர்த்துதல். பின் இரண்டொருவரோடு செல்லுதல். பின்னரே சபைக்குமுன் வைத்தல். விலக்குதல் கடைசிப் படி. அதுவும் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு செய்வது. 2025 மே 11 அன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், சித்திரை முழுநிலவு மாநாடு மாமல்லபுரத்தை அடுத்த திருவிடந்தையில் மீண்டும் கூடியது. இனி அத்தகைய நாள் வருமுன், இரு சமூகத்துப் பெரியோரும் நம் ஆலய வளாகத்தில் ஒருங்கே அமர்ந்து பேசும்படி நம் ஊர்களில் நாம் அழைக்கலாகாதா? அச்சாலையோரச் சேரிகளில் அன்றிரவு போதகர் ஒருவர் தங்கியிருக்கலாகாதா? இவற்றுக்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

மூப்பர் நம்மிடம் கேட்டது பேரவையைக் குறித்து. ஆனால் அவர் அதைக் கேட்டது தம் போதகரிடம். அந்த வேறுபாட்டை உணர்ந்து விடைசொல்ல ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.